விருந்தினருக்கு எதைக் காட்டுவது?

வடதேசத்திலிருந்து வரும் வாலிபர் கூட்டம் ஒன்றுக்கு மூன்று நாள் வழிகாட்டியாக இருக்கும் பொறுப்பு தமக்கு வாய்த்திருப்பதாகவும், புதுக்கோட்டைச் சீமையில் அவர்களுக்கு எதையெதைக் காட்டலாம் என்று யோசனை கூறவேண்டும் என்றும் நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரியில் அவருடைய உள்ளக்கிடக்கை வெளிப்பட்டுவிட்டது. "வருகிறவர்கள் நம்மைப் பற்றி நல்ல அபிப்பிராயத்தோடு திரும்பவேண்டும், ஆகையால் நல்லவற்றை மட்டும் காட்டினால் போதும் அல்லவா?" என்று கேட்கிறார்.

சென்ற மாசி மாதத்தில் இதே வேலை எனக்கும் வாய்த்தது. போபாலிலிருந்தும் நாகபுரியிலிருந்தும் பதினான்கு மாணவ மாணவிகள்; அவர்களுக்குத் துணையாக நம் கிராமங்களிலிருந்து பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் வயது பதினேழிலிருந்து இருபதுக்குள். விருந்தினருக்குத் தமிழ் தெரியாது. நம்மவருக்கு ஹிந்தி தெரியாது. இரு சாராருக்கும் இங்கிலீஷ் பாதி தெரியும். ஆயினும் பஸ் நகர எல்லையைத் தாண்டுவதற்குள் கைகளாலும் சினிமாப் பாட்டுக்களாலும் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். நேயருடைய கேள்விக்கு விடையாக அந்த மூன்று நாள் விஷயங்களையே சொல்லுகிறேன்.

முதலாவது, சித்தன்னவாசலுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். நகரத்திலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பாறை, தோசைக்கல்லைப் போலக் காய்ந்துவிடும். முதலில் சித்திரக் குகைக்குப் போகாமல், மலையின் மேல் ஏறி மறுபுறம் இறங்கும் பாதையில் உள்ள ஏழடிப்பாட்டத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் கட்சி. பாறையில் கால் வைப்பதற்கு வெட்டிய குழிகளால் அப்பெயர் வந்தது என்பார்கள். உள்ளே சமண முனிவர்கள் படுத்துறங்கிய 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலைமாட்டில் தலையணையைப் போலச் சற்றே உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். முனிவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட சௌகரியம் அவ்வளவுதான்.

அவற்றுள் ஒரு படுக்கையின் பக்கத்தில் பழைய தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி என்பவருக்காக, தென்கு சிறுபோசில் ஊரைச் சேர்ந்த இளயர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் பொருள். எருமைநாடு என்பது மைசூர்ப் பிரதேசம் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே வெளிதேசத்திலிருந்து ஒருவர் இங்கு வந்திருக்கிறார். உள்ளூரார் அவருக்குப் படுக்கை செய்து கொடுத்து, அவர் பிறந்த ஊரையும் மறவாமல் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்! இதைச் சொன்னவுடன் நாகபுரிப் பெண் ஒருத்தி, "அப்படியானால் எங்களுக்கும் எழுதி வைப்பீர்களா?" என்று கேட்டாள். 'இளயர்' என்பதை ஆராய்ச்சியாளர்கள் பெயராகவே கொள்கிறார்கள். ஆனால் நம் பையன்கள் அதை 'இளைஞர்' என்றே பொருள் பண்ணிக்கொண்டு அன்று முழுவதும் பெருமையடித்துக்கொண்டார்கள். நான் திருத்த முயன்றேன், பலிக்கவில்லை.

பிறகுதான் அறிவர் கோயில். வாசலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு ஐந்து ஐந்து பேராக உள்ளே அனுப்புவது உத்தமம். இடம் சிறிது, இருபத்தாறு பேருடைய மூச்சும் வேர்வையும் சுண்ணச் சாந்தின் மேல் படிவது நல்லதல்ல. கர்ப்பக்கிருகம் சுமார் ஒன்பதரை அடிச் சதுரம். அதற்குள் நின்று மெல்ல முனகினால் சுற்றிலும் ரீங்காரம் எழும். வாலிபர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் பார்க்கவேண்டியது தலைக்கு மேலே இருக்கிறது. முன்மண்டபத்தின் விதானம் முழுவதும் ஒரு தாமரைத் தடாகம். இலையும் மொட்டும் மலரும் நெருங்கிக் கிடக்க, இடையிடையே மீன்களும் அன்னங்களும் எருமைகளும் யானைகளும் இருக்கின்றன. மூவர் தண்ணீரில் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சமவசரண மண்டபத்துக்குச் செல்லும் வழியில் உள்ள பொய்கை இது என்பர். தூண்களில் ஆடல் மகளிர் இருவர். ஒரு தூணின் பக்கத்தில் ராஜாவும் ராணியும். காவியும் மஞ்சளும் பச்சையும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்தவை, வெள்ளை சுண்ணாம்பு, கறுப்பு கரி. வெளியே பாறையில் உள்ள கல்வெட்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கி முகமண்டபமும் எடுப்பித்த செய்தி காணப்படுகிறது. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் அந்தப் பெயரைப் படிக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்பதை யாரும் குற்றம் சொல்லக்கூடாது.

நாகபுரிக் கூட்டத்தார் அஜந்தாவைப் பார்த்தவர்கள். அங்கே ஏறக்குறைய முப்பது குகைகள், இங்கே ஒன்று. அவர்களில் ஒருவன், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டான். நம் ஆலங்குடிப் பையனுக்கு முகம் சிவந்தது. இத்தகைய சந்தர்ப்பத்தில்தான் வழிகாட்டி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அஜந்தாவைவிடச் சித்தன்னவாசல் உயர்ந்தது என்று வாதம் செய்தால் பொய்யாகும். தாழ்ந்தது என்றால் அதுவும் உண்மையல்ல. இரண்டுக்கும் வேலைமுறையில் உறவு உண்டு; நடுவிலே சில நூற்றாண்டுகளும் பல நூறு மைல்களும் இருக்கின்றன. நான் ஒன்றும் பேசாமல், அந்தப் பிள்ளையைத் தரையில் மல்லாந்து படுத்து ஐந்து நிமிஷம் விதானத்தைப் பார்க்கச் சொன்னேன். எழுந்தபோது அவன், "பூப்பறிக்கிறவன் கையில் தண்டு வளைந்திருப்பதைப் பார்த்தீர்களா, ஐயா?" என்று என்னையே கேட்டான்.

ஆனால் அங்கே பார்க்கும்படியாக இன்னொன்றும் இருக்கிறது. சாந்து உதிர்ந்த இடங்கள் பல. வர்ணம் மங்கி வெறும் நிழலாய்ப் போன இடங்கள் பல. ஒரு காலத்தில் இக்குகை காவலின்றித் திறந்து கிடந்தது. 1920-ஐ ஒட்டிக் கோபிநாத ராவும் ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞரும் எழுதிய பிறகே உலகம் கவனித்தது. அதற்கு முன் எத்தனை கைகள் தடவினவோ! இன்றைக்கும் மலைப்பாறைகளில் ஏறுகிறவர்கள் தம் பெயரையும் காதலியின் பெயரையும் சேர்த்துக் கீறிவிட்டுப் போகிறார்கள். விருந்தினர் அதைப் படிக்க இயலாது. நம் பிள்ளைகள் படித்தார்கள். அர்த்தம் என்ன என்று விருந்தினர் கேட்டார்கள். மறைக்கலாமா? "சொல்லிவிடு" என்றேன். அவர்கள் சிரித்துவிட்டு, "பீம்பேட்காவிலும் இப்படித்தான்" என்றார்கள். போபாலுக்கு அருகில் உள்ள அந்தப் பாறை ஓவியங்களை 1957-ல் வாகண்கர் கண்டறிந்தார். அவற்றின் வயது சித்தன்னவாசலைப் போலப் பல மடங்கு.

குடுமியான்மலைக்குப் போகும் வழியில் நான் எதிர்பாராத சங்கதி ஒன்று நடந்தது. போபாலைச் சேர்ந்த பெண், "புதுக்கோட்டை என்ற பெயர் எனக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரியும்" என்றாள். அவள் படித்த ஹிந்திப் பாடப் புத்தகத்தில், புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்ற கதை ஒரு பாடமாக இருந்ததாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியது அது. பஸ்ஸில் இருந்த நம் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் அந்தக் கதை தெரியாது! விந்திய மலைக்கு அப்பாலிருந்து வந்தவள் சொல்ல, காவேரிக்கு இப்பால் பிறந்தவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள்.

1991-ல் அறிவொளி இயக்கம் இந்த ஜில்லாவில் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்பவர்களும் பள்ளிக்கூட ஆயாக்களும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஏறக்குறைய ஒன்றரை வருஷத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அந்தக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்ற லாபத்தையும் கண்டுபிடித்தார்கள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போகலாம்; சந்தைக்கு யாருடைய தயவும் இன்றிப் போய் வரலாம். தெருவில் கேலி செய்தவர்கள் செய்துகொண்டேதான் இருந்தார்கள். கந்தர்வகோட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தி திடீரென்று, "எங்கள் அப்பத்தா சைக்கிள் ஓட்டும், நான் ஏன் என்று கேட்டதே இல்லை" என்றாள். அன்றிரவு வீட்டுக்குப் போன் செய்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

குடுமியான்மலையில் சிற்பங்களைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. அவை தாமே பேசும். வாலிபர்களைக் கட்டாயம் நிறுத்திவைக்க வேண்டிய இடம், குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறைச் சரிவு. சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில் கிரந்த எழுத்தில் ஸ்வரங்களைப் பொறித்திருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டு எழுத்து. மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், ஸாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று ஏழு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்வரங்கள் நான்கு நான்காக அமைந்திருக்கின்றன. எழுதுவித்தவர் மகேந்திரவர்ம பல்லவர் என்று நெடுநாள் நம்பப்பட்டது. இப்போது அது ஐயத்துக்குரியது. கல்வெட்டில் ராஜாவின் பெயர் இல்லை. ருத்ராசாரியருடைய சிஷ்யன், பரம மாகேசுவரன், சிஷ்யர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று மட்டும் சொல்லுகிறது. மாணாக்கர்களுக்காகப் பாறையையே பாடப் புத்தகமாக்கிய ராஜா! தன் பெயரைப் போட்டுக்கொள்ள மறந்து, குருவின் பெயரைப் போட்டுவிட்டான். இக்காலத்துப் பாடப் புத்தக ஆசிரியர்களிடம் இந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியாது.

சாயங்காலம் நார்த்தாமலை. மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் தனியே நிற்கிறது. வட்டமான கர்ப்பக்கிருகம், சதுரமான வெளிச்சுவர். எதிரே குகையில் திருமால் உருவங்கள் பன்னிரண்டு, ஒரே அச்சில் வார்த்தவை போல வரிசையாக இருக்கின்றன. சூரியன் மேற்கே சாயும்போது கல் முழுவதும் தேன் நிறமாகிவிடும். நான் அங்கே வாசித்துக் காட்டியது துவாரபாலகர் அடியில் உள்ள சிறு கல்வெட்டைத்தான். சாத்தன் பூதி என்ற இளங்கோவதிஅரையன் எடுத்த கற்றளி, மழை இடித்து அழிய, மல்லன் விடுமன் அதைப் புதுக்கினான் என்பது விஷயம். கோயில் இடிந்துபோனதையும் கல்லில் எழுதினார்கள் என்பதை நேயர் கவனிக்க வேண்டும். மலையடிவாரத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஆத்தா ஒருவர், "எந்தூருப் பிள்ளைகளோ, வெயில்ல ஏறி இறங்குதுக, தண்ணி குடிச்சிட்டுப் போங்க கண்ணுகளா" என்று சொல்லித் தவலைத் தண்ணீரை அப்படியே கொடுத்துவிட்டார். தமிழ் தெரியாதவர்களுக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இரண்டாம் நாள் காலையில் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம். 1910-ல் ஏற்பட்டது. அங்கே அம்மன் காசைக் காட்டுங்கள். ரூபாய்க்கு 320 காசு என்று சொன்னால் கணக்குப் பிள்ளைகள் மகிழ்வார்கள். அப்புறம் கிழக்கே, கீரமங்கலம் பக்கம் போய்விடுங்கள். தெற்குச் சீமை முழுவதும் வெறும் பாறை என்று எண்ணியிருந்த விருந்தினர், வடகாட்டுப் பலாத் தோப்புகளையும் மல்லிகைக் கொல்லைகளையும் கண்டு பிரமித்துப் போனார்கள். மாசியில் பலா பிஞ்சு விட்டிருந்தது. குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயில். அதன் முன்னே ஏறக்குறைய 33 அடி உயரத்தில் தாவும் குதிரை. மாசி மகத்தன்று ஜனங்கள் லாரிகளில் காகிதப்பூ மாலைகளைக் கொண்டுவந்து அக்குதிரைக்குப் போடுவார்கள், குதிரையே மறைந்துவிடும். நாங்கள் போனபோது மாலைகள் பாதி வெயிலில் வெளுத்துத் தொங்கின.

ஐயனார் கோயில்களைச் சுற்றியுள்ள காடுகளில் கிளை ஒடிக்க ஜனங்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சம்தான் வீரையும் பாலையும் காயாவும் அங்கே இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம். கோரமண்டலக் கரையோரத்துக்கே உரிய, வறட்சியிலும் இலை உதிராத காடு இது. வெளியே வந்தால் காததூரம் தைலமரம். அரசாங்கத்தாரின் வனத் தோட்டக் கழகம் பல்லாயிரம் ஏக்கரில் வைத்த மரம். நிலத்தடி நீரைக் குடித்துக் கண்மாய்க்கு வரும் தண்ணீரையும் குறைத்துவிட்டது என்று குடியானவர்கள் நெடுங்காலமாக முறையிடுகிறார்கள். இரண்டு காடுகளுக்குள்ளும் பத்துப் பத்து நிமிஷம் மௌனமாக உட்காரச் சொன்னேன். முதற்காட்டில் எத்தனை பறவைக் குரல் கேட்டது, இரண்டாவதில் எத்தனை என்று எண்ணி எழுதச் சொன்னேன். முதல் தாளில் பதினொன்று, பதின்மூன்று என்று இருந்தது. இரண்டாவது தாளில் பலர் ஒன்றும் எழுதவில்லை. நான் வியாக்கியானம் செய்யவில்லை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜாப் புயல் இந்தப் பக்கத்தைச் சூறையாடிற்று. தென்னையும் பலாவும் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. அடுத்த வருஷமே பல ஊர்களில் வாலிபர்கள் தாமே பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வாரினார்கள். வரத்துவாரி, மடை, கலிங்கு என்ற சொற்களை வயோதிகர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எங்களோடு வந்த கொத்தமங்கலத்துப் பையன் அப்போது சிறுவன். மண்வெட்டி பிடிக்க விடாமல் அவனை மோர் கொடுக்கும் வேலையில் வைத்தார்களாம். அந்தக் குளக்கரையில் நின்று ஹிந்திக்காரர்களுக்குக் கலிங்கு வேலை செய்யும் விதத்தை அவன் ஒரு குச்சியால் மண்ணில் வரைந்து விளக்கியது, நான் பார்த்த வகுப்புக்களில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று.

இனி நேயரின் கடைசி வரிக்கு வருகிறேன். குளக்கரையில் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், போபாலைச் சேர்ந்த மாணவன், "வேங்கைவயல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். நம் பிள்ளைகள் மௌனமானார்கள். அது அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். முதல் நாள் நாங்கள் தாமரைத் தடாகத்தைப் பார்த்துப் பரவசப்பட்ட சித்தன்னவாசலும் அதே வட்டாரம்தான். 2022 டிசம்பரில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதை விசாரிக்கச் சென்ற கலெக்டர், அம்மக்கள் நுழையக் கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த இறையூர் ஐயனார் கோயிலுக்குள் அவர்களை அழைத்துச் சென்றார். அவர் போய்த்தான் கோயில் கதவு திறக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தொட்டி வழக்கு எங்கள் பிரயாணத்துக்குள் அடங்கும் விஷயமல்ல; அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னேன். நம் பன்னிரண்டு பேரில் எல்லா ஜாதியாரும் இருந்தார்கள். இரண்டு நாளாக ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தவர்கள். ஆயினும் அந்தப் பத்து நிமிஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பையன், தன் ஊர்த் தேநீர்க் கடையில் பாட்டனார் காலத்தில் கொட்டாங்கச்சியில் தேநீர் ஊற்றினார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னான். ஆலங்குடிப் பையன், "இன்னும் எங்கள் ஊர்க் கோயிலுக்குள்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். பிறகு முழுவதையும் சொன்னான்.

இதைக் கேட்டுவிட்டு அந்தப் போபால் மாணவன் சொன்னது: "நீங்கள் எங்கள் ஊருக்கு வாருங்கள். முதலில் சாஞ்சிக்கு அழைத்துப் போவோம். மறுநாள் யூனியன் கார்பைடு ஆலையைக் காட்டுவோம். அதைக் காட்டாமல் அனுப்பினால் நீங்கள் போபாலைப் பார்த்ததாக ஆகாது." 1984 டிசம்பரில் விஷவாயு வெளியேறிய ஆலை அது. அவனுடைய பாட்டிக்கு அன்றிலிருந்து கண் பார்வை மங்கல். இதற்கு மேல் என்னிடமிருந்து நேயருக்கு வேறு யோசனை தேவையா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் திருமயம். கோட்டை 1687-ல் சேதுபதி கட்டியது. மலையைக் குடைந்து சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்துக் கோயில். பாறையில் பள்ளிகொண்ட பெருமாளை முழுதும் காண, தலையிலிருந்து திருவடி வரை மெல்ல நகர்ந்து பார்க்க வேண்டும். தேசபக்தர் எஸ். சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்த ஊரும் இதுவே. பூண்டி நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயரிட்டிருப்பதை விருந்தினருக்குச் சொன்னேன். கோட்டையின் உச்சியில் பழைய பீரங்கி ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளாத வாலிபனை நான் இதுவரை கண்டதில்லை.

நேயர் கொடும்பாளூரையும் விராலிமலையையும் விட்டுவிட வேண்டாம்; எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. கொடும்பாளூரில் மூவர் கோயிலின் மூன்று விமானங்களில் இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. விராலிமலையில் மயில்கள் காலையிலேயே வெளியே வரும். முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் செய்யும் வழக்கத்தைச் சொன்னால் வடநாட்டார் நம்பமாட்டார்கள், கையோடு கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆவுடையார்கோயிலுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். கொடுங்கைகளை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தாலும் பார்க்கலாம். தலைக்குத் துண்டு, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், மலையேறும்போது காலில் செருப்பு, கோயில் வாசலில் அதைக் கழற்றி வைக்க ஒரு பை. காலை ஆறு மணிக்குப் புறப்படுவதாகச் சொல்லுங்கள். ஏழுக்கு முன் ஒருவரும் வந்து சேர மாட்டார்கள்.